மடங்காத பாம்புவிரல்

மருத்துவச்சிப் பயிற்சி முடித்து வேலைக்குப் போகும் பெண்களுக்கு உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். என் வலது கை நடுவிரல் நான்கு வாரம் ஆஸ்பத்திரியில் பட்ட பாட்டை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். அனுதாபம் தேடி எழுதவில்லை. விரல் விறைத்துவிட்டது, வேலை போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் நடந்ததில் தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன.

நான் கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஜில்லா போர்டு மருத்துவச்சி. தோல்பையில் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இருட்டிலும் சொல்வேன்: இடப்பக்கம் சோப்பு, நகம் தேய்க்கும் பிரஷ், கிருமி கொல்லும் லைசால். வலப்பக்கம் கத்தரி, தொப்புள்கொடி கட்டும் நூல், பஞ்சு. நடுவில் இருக்க வேண்டிய ரப்பர் கையுறை மட்டும் இல்லை. யுத்தம் தொடங்கிய பிறகு அது எங்களுக்கு வருவது நின்றுபோயிற்று. அதனால் கையை முழங்கைவரை ஐந்து நிமிஷம் தேய்த்துக் கழுவிவிட்டு வெறுங்கையோடு வேலை செய்தோம்.

எங்கள் வேலையில் கண் பார்ப்பது குறைவு, விரல் பார்ப்பதே அதிகம். கருப்பையின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்துதான் உள்ளே போய் அறிந்து சொல்ல வேண்டும். ஒரு விரல் நுழைந்தால் ஒரு விரல் திறப்பு. இரண்டு நுழைந்தால் இரண்டு. அதற்கு மேல் விரல்களை உள்ளே விரித்துப் பார்த்து மதிப்பிட வேண்டும். விளிம்பே தட்டுப்படாவிட்டால் முழுத் திறப்பு, அப்போதுதான் தாயை முக்கச் சொல்லலாம். அதற்கு முன்னால் முக்கச் சொன்னால் வாய் வீங்கும், சில சமயம் கிழியும். ஆகவே அந்த இரண்டு விரலும்தான் என் படிப்பு, என் சம்பளம் எல்லாம்.

எங்கள் ஊர்களில் பிள்ளை பெறப் போகிறவளைக் காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க அருகில் இரும்பு வைப்பார்கள். பெரும்பாலும் அரிவாள். போனதும் அதைப் பார்த்து, யார் மனமும் நோகாமல் காலடிப் பக்கம் தள்ளி வைப்பது என் வழக்கம். விரலில் காயம் பட்ட அன்று போன வீட்டில் அரிவாள் இல்லை. இந்த வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வலியில் இருந்த பெண்ணின் தாயார் அரிவாளுக்குப் பதில் கோணி தைக்கும் ஊசி ஒன்றை மகளின் சேலைக் கொசுவத்துக்குள் செருகியிருந்தார். நான் கொசுவத்தைத் தளர்த்தியபோது அது என் நடுவிரலின் உட்பக்கம், நடு மூட்டு மடிப்பில், எலும்பு தட்டும்வரை இறங்கியது.

கழுவினேன், அயோடின் வைத்தேன், இடது கையால் சமாளித்துப் பிள்ளையை எடுத்தேன். நல்ல கனமான ஆண்பிள்ளை. இப்போது யோசித்தால் கேட்காதது என் பிழை. வந்ததும் “இரும்பு எங்க வச்சிருக்கீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இன்று எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான்.

மூன்றாம் நாள் விரல் தெறிக்க ஆரம்பித்தது. புண் விரலோடு பிரசவம் பார்த்தால் சீழ்க் காய்ச்சல் தாய்க்குப் போய்விடும். ஆகவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பரங்குன்றத்தில் என் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அந்தக் கையால் யாரையும் தொடவில்லை. அதில் மட்டும் நான் தவறவில்லை.

மதினி விரலைப் பார்த்தவுடன் நகச்சுத்து என்றார். எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகிவிட்டார். இப்படிச் செய்யாதீர்கள் என்று எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன். ஆனால் பழம் குளிர்ச்சியாக இருந்தது, அரை மணி நேரம் வலி தெரியவில்லை. இரண்டு நாள் பழத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டேன். பழம் புண்ணுக்கு என்ன செய்ததோ தெரியாது. ஆனால் அது விரலை என் கண்ணிலிருந்து மறைத்தது. வேறு யார் விரலாக இருந்தாலும் பழத்தைப் பிடுங்கிவிட்டுப் பார்த்திருப்பேன். என் விரலை நான் பார்க்க விரும்பவில்லை என்பதே உண்மை.

ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் நூற்று மூன்று. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் என்னை மதுரைக்கு அழைத்துப் போனார்.

வெளிநோயாளிகள் கூடத்துப் பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். கையைத் தொங்கவிட்டால் வலி ஏறும், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் கொஞ்சம் இறங்கும். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கப் போகிறவள்போலக் கையைத் தூக்கியபடியே இருந்தேன். அறுவை டாக்டர் நடுவயதுக்காரர், குரலை உயர்த்தாதவர். பழத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “இது நகச்சுத்து இல்லம்மா, நகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றார். பிறகு நான்கு விஷயம் பார்த்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை என்பதால் எழுதுகிறேன்.

விரல் தானாகவே லேசாக மடங்கி நின்றது. ஒரு இடத்தில் மட்டும் புடைக்காமல் அடிமுதல் நுனிவரை ஒரே சீராக வீங்கியிருந்தது. உட்பக்கம் நெடுக அழுத்தினால் கோடு போட்டதுபோல வலித்தது. நான்காவதாக, நுனியைப் பிடித்து இம்மியளவு நிமிர்த்தினார். நான் எத்தனையோ பெண்கள் கத்தக் கேட்டிருக்கிறேன். அன்று என் சத்தத்தை நானே கேட்டேன்.

“நாலும் இருக்கு. விரலை மடக்குற நாண் ஓடுற உறைக்குள்ள சீழ் பிடிச்சிருக்கு. இன்னிக்கே திறக்கணும்.”

விரல் தங்குமா என்று கேட்டேன். திறந்து பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். மருத்துவச்சி என்று அண்ணன் சொன்னதும் என் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். உடனே ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

விரலுக்குள் தசை கிடையாது. எனக்கு அது தெரியாது. தோல், கொழுப்பு, எலும்பு, அவற்றோடு ஓடும் நாண்கள், அவ்வளவுதான். விரலை மடக்கும் தசைகள் முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் மணிக்கட்டு வழியாக வந்து விரல் எலும்பில் ஒட்டிக்கொண்டு இழுக்கின்றன. ஒரு விரலுக்கு எலும்பு மூன்று, கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு. ஒவ்வொரு கைக்கும் பதினான்கு. மடக்கும் நாண் விரலுக்கு இரண்டு. மேல்நாண் நடு எலும்பில் போய் நிற்கிறது. நிற்கும் முன் இரண்டாகப் பிளந்து வழிவிட, அதன் நடுவே ஆழ்நாண் புகுந்து நுனி எலும்புவரை போகிறது. பாவாடையின் மடிப்புக்குள் நாடா ஓடுவதுபோல இந்த நாண்கள் ஒரு வழவழப்பான உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறைக்குள்தான் என் சீழ் இருந்தது. உறை வீங்கி இறுகினால் நாணுக்கு ரத்தம் போகாது, நாண் செத்துவிடும்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். மற்ற விரல்களை நேராகப் பிடித்துக்கொண்டு மோதிரவிரலின் நுனி மூட்டை மட்டும் மடக்க முயலுங்கள். வராது. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றின் ஆழ்நாண்களும் ஏறக்குறைய ஒரே தசையிலிருந்து வருகின்றன. ஆள்காட்டி விரலுக்கு மட்டும் தனித் தசை.

குளோரோபார்ம் கொடுத்து இரண்டு இடத்தில் திறந்தார்கள், உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடத்திலும் நுனிக்குப் பக்கவாட்டிலும். அதன் பிறகு தினமும் இரண்டு வேளை கையை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வைத்திருக்க வேண்டும். புதிதாக வந்திருந்த சல்பா மாத்திரையும் கொடுத்தார்கள். அதை விழுங்கினால் குமட்டல் தாங்காது. ஆஸ்பத்திரியில் இடம் இலவசம்தான், ஆனால் மாத்திரை வெளிக்கடையில் வாங்க வேண்டியிருந்தது. அண்ணன் எதை விற்று வாங்கினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மதினி என்னோடு தங்கினார். எலுமிச்சம்பழம் வைத்தது தான்தான் என்ற குற்ற உணர்ச்சி அவருக்கு இருந்தது. அதை வாயால் சொல்லாமல் தலை சீவி விடுவதிலும் சோறு பிசைந்து ஊட்டுவதிலும் காட்டினார். ஒருநாள் ஊட்டிக்கொண்டே, “ஊருக்கெல்லாம் பிள்ளை எடுக்குறவளுக்கு நான் பிள்ளை வளக்குறேன், வாயத் தொற, அன்னம்” என்றார். ஆஸ்பத்திரியில் நான் முதல் தடவை சிரித்தது அன்றுதான்.

பக்கத்துக் கட்டிலில் பேச்சி என்ற பெண். என் வயதுதான் இருக்கும். சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி அடுக்குகிறவள். அதற்குக் கட்டைவிரலில் ஒரு இரும்பு நகம் மாட்டிக்கொள்வார்களாம். நகம் மாட்டும் விரலிலேயே புண் வந்து நுனியை எடுத்திருந்தார்கள். அவளுக்கு அது இடது கை. இயல்பிலேயே இடது கைக்காரி.

டாக்டரின் படத்தை அவளிடம் காட்டி விரல்களின் பெயரை எழுத்தில் உள்ளபடி சொன்னேன். அவள் தன் ஊர்ப் பெயர்களைச் சொன்னாள். நடுவிரலைப் பாம்புவிரல் என்றாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மற்ற விரல்களைவிட நீண்டு தலை தூக்கி நிற்பதாலோ என்னவோ. என் பாம்பு ஆஸ்பத்திரியில் கூடையில் சுருண்டு கிடக்கிறது என்று அவள் கேலி செய்தாள்.

ஊசி குத்திய ஒன்பதாம் நாள் கட்டு மாற்றும்போது புண்ணுக்குள் வெள்ளையாக மின்ன வேண்டிய நாண் சாம்பல் நிறத்தில் நைந்து தெரிந்தது. டாக்டர் சொல்லும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. செத்த நாணை அவர் இடுக்கியால் மெல்ல உருவி எடுத்துத் தட்டில் வைத்தார். ஒரு சாண் நூல் நீளம்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் பை தூக்கியிருக்கிறேன், பிள்ளை தூக்கியிருக்கிறேன்.

மறுநாள் இரண்டு வழி சொன்னார். ஒன்று, விரலை அடியோடு எடுத்துவிடலாம். சீக்கிரம் ஆறும், கை லகுவாக இருக்கும். இன்னொன்று, வைத்துக்கொள்ளலாம். உயிர் இருக்கும், மடங்காது, நுனியில் உணர்ச்சி மங்கும். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் யோசிக்க ஒரு நாள் கேட்டேன். அந்த ஒரு நாளில் என் வலது கை செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்லி மதினியை ஒரு தாளில் எழுத வைத்தேன். கத்தரி பிடிப்பது, கொடி முடிச்சிடுவது, பிள்ளையின் தலையைத் தாங்குவது, வழுக்கும் கணுக்கால்களைப் பிடிப்பது, பேனா பிடிப்பது. கடைசி வரி, திறப்பு அளப்பது.

அடுத்த நாள் டாக்டரிடம் கேட்டேன்: “விரல் இருக்கட்டும். ஆனா எந்தக் கோணத்துல விறைக்கணும்னு நான் சொல்லலாமா?”

அவர் தாளை வாங்கி முழுவதும் படித்தார். “விறைக்கப்போற விரலுக்குக் கோணம் கேட்ட முதல் ஆள் நீதாம்மா” என்றார்.

நேராக விறைத்தால் எதையும் பிடிக்கும்போது தனியே துருத்தும். அதிகம் மடங்கி விறைத்தால் உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும். பிள்ளையின் தலையை ஏந்தும்போது விரல் எப்படி வளையுமோ அந்த வளைவு வேண்டும் என்றேன். மதினி பழக்கூடையிலிருந்து பச்சைத் தேங்காய் ஒன்றை எடுத்து நீட்டினார். அதன்மேல் இடது கையை வைத்துக் காட்டினேன். டாக்டர் அந்த வளைவுக்குத் தகரத்தை வளைத்து, பஞ்சு சுற்றி, வலது கையில் கட்டினார். மூன்று வாரம் கழற்றக்கூடாது என்றார்.

தாளில் மற்ற வரிகளுக்கு வழி கிடைத்துவிட்டது. கடைசி வரிக்குக் கிடைக்கவில்லை. உணர்ச்சி மங்கிய விரலால் திறப்பு அளக்க முடியாது. அளக்கத் தெரியாதவளுக்கு மருத்துவச்சி என்ற பெயர் எதற்கு என்று படுத்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். பேச்சிதான் கேட்டாள்.

“இன்னொரு கை என்ன, வாடகைக்கா விட்டிருக்க?”

ஊசி குத்திய அன்று அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை, மற்றபடி இடது கையால் தொட யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்றேன். பீச்சாங்கை அசுத்தத்துக்கு உரியது, பிள்ளையைத் தொட்டாலே சாபம் என்பார்கள்.

“எம்புட்டு அடி வாங்கியிருப்பேன் தெரியுமா இந்தப் பீச்சாங்கைக்கு? எங்க அய்யா சூடு கூடப் போட்டாரு. இந்தக் கை கிள்ளுன வெத்தலையத்தான் மதுரைச் சீமையில கலியாணத்துக்குக் கலியாணம் தட்டுல வைக்கிறாக. ஒருத்தரும் எந்தக் கைன்னு கேக்கல.”

அவள் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தேன். பழைய அட்டைப்பெட்டி ஒன்றை மதினி கொண்டுவந்தார். கம்பவுண்டரிடம் காம்பஸ் இரவல் வாங்கி, அரை அங்குலத்திலிருந்து நாலு அங்குலம்வரை எட்டு வட்டம் போட்டு, வெட்டச் சொன்னேன். மதினி வெட்டினார். பேச்சி தன் நல்ல கையால் அட்டையைப் போர்வைக்கு அடியில் பிடித்துக்கொள்வாள். நான் இடது கை விரலை விட்டு அளவு சொல்ல வேண்டும். தவறு சொன்னால் அன்றைய சாத்துக்குடிச் சுளை அவளுக்கு. முதல் வாரம் சாத்துக்குடி முழுவதும் அவள்தான் தின்றாள்.

தவறு ஏன் என்று நாடாவால் அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வலது கையில் கட்டுப் போடாத ஆள்காட்டி விரலைவிட இடது கை ஆள்காட்டி விரல் சற்று மெலிது, இரண்டு விரல் சேர்ந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். ஆகவே ஒரே திறப்பு இடது கைக்குப் பெரியதாகத் தோன்றுகிறது. “இரண்டு விரல்” என்று எத்தனை நாள் எழுதியிருக்கிறோம், யாருடைய விரல் என்று எழுதினோமா? மதினியின் விரலை அளந்தேன், பேச்சியின் விரலை அளந்தேன், காயம் கட்ட வந்த நர்ஸின் விரலையும் அளந்தேன். நாலும் நாலு விதம். அன்றுமுதல் விரல் கணக்கை விட்டு அங்குலத்தில் சொல்லப் பழகினேன். மூன்றாம் வாரம் சாத்துக்குடி எனக்கே மிஞ்சியது.

தகரத்தை எடுத்தபோது விரல் கேட்ட வளைவிலேயே நின்றது. டாக்டர் தேங்காயை எடுத்துவரச் சொல்லி என் கையில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அவர் முகத்திலும் பெருமை இருந்தது. மோதிரவிரலும் முழுதாக மடங்கவில்லை. ஒரே தசையைப் பங்கு போட்டதன் பலன். அதை நான் எதிர்பார்த்திருந்தேன்.

வேலைக்குத் திரும்ப மேற்பார்வை லேடி டாக்டரின் சான்று வேண்டும். அவர் கண்டிப்பானவர், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் கையோடு தனியாகக் கிராமத்துக்கு அனுப்ப முடியாது, ஆஸ்பத்திரியிலேயே துணி மடிக்கும் வேலை தரலாம் என்றார். சோதித்துப் பாருங்கள் என்றேன். பிரசவ வார்டுக்கு அழைத்துப் போனார். அன்று மூன்று பெண்கள் வலியில் இருந்தார்கள். நான் பார்த்துச் சொல்ல வேண்டும், பிறகு அவர் பார்ப்பார்.

முதலாமவளுக்கு ஒன்றேகால் அங்குலம் என்றேன். அவர் பார்த்தார், தலையசைத்தார். இரண்டாமவளுக்கு இரண்டரை. அதற்கும் தலையசைப்பு.

மூன்றாமவளுக்கு அருகில் மாமியார் நின்றிருந்தார். நான் இடது கையைக் கழுவுவதைப் பார்த்ததுமே குறுக்கே வந்தார். “பீச்சாங்கையாலயா? தலைப்பிள்ளை ஆத்தா, வேண்டாம்” என்றார். லேடி டாக்டர் என்னைப் பார்த்தார். கிராமத்தில் தினமும் இதுதான் நடக்கும் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அந்த அம்மாளிடம் சொன்னேன்: “அளக்குறது இந்தக் கை. பிள்ளைய வாங்குறது ரெண்டு கையும்மா.”

அவர் பதில் சொல்லும் முன் கட்டிலில் கிடந்த பெண் பல்லைக் கடித்தபடி, “அத்தே, எந்தக் கையா இருந்தா என்ன, ஒரு கை வந்து பாக்கட்டும்” என்றாள். மாமியார் விலகினார்.

பார்த்தேன். லேடி டாக்டரும் பார்த்துவிட்டு முழுத் திறப்பு, முக்கச் சொல்லலாம் என்றார். சான்று தர வேண்டியவர் அவர். ஆனால் விரல் சொன்னதை நான் எப்படி மாற்றுவது?

“இல்லம்மா. முன்பக்கம், வலது ஓரத்துல விளிம்பு மிச்சம் இருக்கு. கால் அங்குலம்.”

அவர் மறுபடியும் கை கழுவினார், அவசரப்படாமல் முழு ஐந்து நிமிஷம். மறுபடியும் பார்த்தார். நெடுநேரம் பார்த்ததாகத் தோன்றியது. பிறகு அந்தப் பெண்ணிடம், “இன்னும் கொஞ்சம் பொறும்மா, முக்காத” என்றார்.

அரை மணி கழித்துப் பெண்குழந்தை பிறந்தது. நான்தான் வாங்கினேன், இரண்டு கையாலும். விறைத்த விரல் அதன் பின்தலைக்குக் கீழே சரியாகப் பொருந்தி நின்றது. மாமியார் கை கூப்பவில்லை, வாழ்த்தவும் இல்லை. துணியை நீட்டினார். அது போதும்.

மேஜைக்குப் போய் லேடி டாக்டர் சான்று எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்க்கக் கொடுத்தார். இரண்டு வரி. முதல் வரி: வலது நடுவிரல் மடங்காது, நுனியில் உணர்ச்சி குறைவு. இரண்டாவது வரி: தனியே பிரசவம் பார்க்கத் தகுதி உண்டு.

நான் தாளைத் திருப்பி மேஜையில் வைத்தேன்.

“வரிசைய மாத்தி எழுதுங்கம்மா. தகுதி முதல்ல.”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். தாளைக் கிழித்தார். புதுத்தாள் எடுத்து, பேனாவை மையில் தோய்த்து, நான் சொன்ன வரிசையில் எழுதினார்.